இருமி வாழ்ந்த எங்கள் அக்கா

மூச்சைக் கொடுத்தவரும், கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டவருமான ஆண்டவருக்கு முதல் வணக்கம். அக்காவின் முதலாண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களுக்கும், வர முடியாமல் தபாலில் பெறுகிறவர்களுக்கும் அடுத்த வணக்கம்.

அடக்கத்தன்று மண் போட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து இறங்கும்போது பலபேர் என் தோளைப் பிடித்து ஆறுதல் சொன்னீர்கள். அநேகமாக எல்லோரும் சொன்னது ஒரே பேச்சு. "பாவம்யா ஒங்கக்கா. இருமி இருமியே போய்ச் சேந்துருச்சு." அன்பினால் சொன்னீர்கள் என்று தெரியும். அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இன்று இருக்கிறேன். அக்கா இருமியதால் போகவில்லை. இருமியதால்தான் இத்தனை வருடம் இருந்தார். அதை ஊரறிய எழுதி வைக்க வேண்டும் என்றே இந்த மலரை அச்சடித்தோம். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டு ஜீப் ஓட்டப் போனவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

அக்கா பிறந்தது உடும்பஞ்சோலைக்கு மேலே, ஓர் ஏலத்தோட்டத்தின் லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில். போடிப் பக்கம் மழை இல்லாமல் போன காலத்தில் கூலிக்கு மலையேறிய குடும்பம் எங்களுடையது. நாங்கள் இரண்டே பிள்ளைகள். நடை பழகி முடிப்பதற்குள் அக்காவுக்குக் கக்குவான் இருமல் கண்டது. அதன்மேல் நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. அடைமழையில் மண் சரிந்து ஜீப் வரவில்லை. அப்பா கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்கு இறங்கினார். உயிர் தங்கியது. ஆனால் இடப்பக்க நுரையீரலின் அடிப்பகுதி அப்போதே கெட்டுவிட்டது. அங்கே மூச்சுக்குழல்கள் தொளதொளத்து விரிந்துபோய், சளி தேங்கும் பள்ளங்களாக ஆகிவிட்டன. இந்த விவரமெல்லாம் எங்களுக்குத் தெரிய வந்தது அக்காவுக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு. அதுவரை அக்கா என்றால் இருமல், இருமல் என்றால் அக்கா, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அக்காவைச் சன்னலோரம் உட்கார வைத்திருந்தார். தலையை வெளியே நீட்டி இருமிவிட்டு உள்ளே திரும்பி, விட்ட இடத்திலிருந்து வாய்ப்பாடு சொல்வாராம். ஐந்தாவது முடித்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். வயது வந்ததும் அம்மாவோடு காய் எடுக்கப் போனார்.

மலைக்கு வராத உறவினர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும் சரங்களில்தான் காய் பிடிக்கும். எடுக்கிறவர்கள் தூரோடு ஒட்டி உட்கார்ந்து, தலை முழங்காலுக்குக் கீழே போகிற அளவுக்குக் குனிந்து, பழுத்ததைப் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். அக்காவுக்கு இடது கைப் பழக்கம். அதனால் வலப்பக்கம் சாய்ந்து, வலது முழங்கையை ஊன்றிக்கொண்டு, இடது கையால் எடுப்பார். அப்படிக் குனிந்தால் போதும், இருமல் கிளம்பும். "இந்த வேலைதான் இந்தப் பிள்ளையைக் கொல்லுது" என்று காடு முழுக்கப் பேச்சு.

இருமல்காரப் பெண் என்று தெரிந்தேதான் மச்சான் கட்டினார். அவர் அதே தோட்டத்தில் நிழல்மரம் ஏறிக் கிளை கழிக்கிறவர். ஆண்டவர் அவர்களுக்குப் பிள்ளை கொடுக்கவில்லை. அடுத்தடுத்த வீடு என்பதால் என் மகனும் மகளும் இரண்டு வீட்டுக்கும் பிள்ளைகளாக வளர்ந்தார்கள்.

டிபி என்று ஊர் பேர் வைத்தது. எத்தனையோ தடவை சளியைச் சோதித்தார்கள், அந்தக் கிருமி இல்லவே இல்லை. ஆனாலும் கல்யாண வீட்டில் அக்காவுக்கு மட்டும் காகிதக் கப்பில் காப்பி வரும். அக்கா அதைக் கையில் வாங்கிக்கொண்டு, கொடுத்தவரைப் பார்த்து, "எனக்கு மட்டும் புதுசா? பரவால்லையே" என்று சிரித்துக்கொண்டே குடிப்பார். கொடுத்தவர்தான் முகத்தைத் திருப்ப வேண்டியிருக்கும்.

பிறகு அந்த நன்மை நடந்தது. நன்மை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தோட்டத்து சூப்பர்வைசர் இரக்கமுள்ள மனிதர். குனிந்தால் இருமுகிற பெண்ணைக் குனியாத வேலைக்கு மாற்றுவோம் என்று, அக்காவை ஸ்டோருக்கு அனுப்பினார். ஸ்டோர் என்பது காயை உலர்த்தும் இடம். அங்கே பெண்கள் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, உலர்ந்த காயைத் தரம் பிரிப்பார்கள். வெயில் இல்லை, மழை இல்லை, அட்டைக்கடி இல்லை. எங்கள் பெரியப்பா சூப்பர்வைசர் வீட்டுக்கே போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு மாதத்தில் இருமல் குறைந்தது. வீட்டில் ஸ்தோத்திரம் சொன்னோம். அக்காவின் முகம்தான் தெளியவில்லை. "உள்ள என்னமோ கட்டிக்கிட்டு கெடக்கு தம்பி. ஈரச்சாக்கை சொமக்கிற மாதிரி இருக்கு" என்றார். இருமல் வராமல் இருக்க நாங்கள் வாங்கிக் கொடுத்த சிரப்பும் அதற்கு உதவி செய்தது, சளியை உள்ளேயே படுக்கப் போட்டது. அடுத்த மழையில் குளிர்காய்ச்சல். இருமினால் பச்சையும் ரத்தமுமாக வந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. என் ஜீப்பில் கிடத்திக் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம்.

மருந்து ஏறி, ரத்தம் நின்று, காய்ச்சல் விட்ட பிறகு ஒரு நாள் காலையில் பிசியோதெரபி செய்கிற பெண் வந்தார். மலையாளத்துப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். அக்கா எடுத்த எடுப்பிலேயே "மோளே" என்று கூப்பிட்டுவிட்டார். அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து, தமிழும் மலையாளமுமாகப் பேச்சுக் கொடுத்தார்.

"சேச்சி, இப்படி ஆகும் முன்னே எப்படி இருந்து?"

"அப்பயும் இருமுவேன் மோளே. ஆனா காச்சல் வராது. காடு ஏறிருவேன், எறங்கிருவேன்."

"எப்போ இருமும்?"

"காய் எடுக்கக் குனிஞ்சா வரும். சரத்துல கைய வச்சாப் போதும், பேர் சொல்லிக் கூப்புட்ட மாதிரி வந்துரும்."

"ஒண்ணு அதுபோல குனிஞ்சு இருந்து காட்டு சேச்சி."

"இங்கயா? செடிக்கு எங்க போறது?"

"கட்டில் காலு செடின்னு நினைச்சோ."

அக்கா கட்டிலைவிட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். மச்சான் குளுகோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். அக்கா வழக்கம்போல வலப்பக்கம் சாய்ந்து, முழங்கையை ஊன்றி, இடது கையால் கட்டில் காலில் காய் எடுக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் அக்காவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே என்னவோ நகர்ந்தது, எங்கள் காதுக்கே கேட்டது. அக்கா இருமினார். ஒரு கிண்ணம் நிறையச் சளி வந்தது.

அந்தப் பெண் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சேச்சி, இதுதானல்லே உன்னோட மருந்து. இதை யாரு நிறுத்தினது?"

அக்கா மச்சானைப் பார்த்தார். மச்சான் பாட்டிலைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். கெட்டுப்போன இடம் இடப்பக்கத்து அடியில் இருக்கிறது. வலப்பக்கம் சாய்ந்து தலையைத் தாழ்த்தினால் அந்தப் பள்ளம் மேலே வந்துவிடும். தேங்கியது வழிந்து பெரிய குழாய்க்கு வரும், அங்கிருந்து இருமல் வெளியே தள்ளும். வருடக்கணக்காக ஏலச்செடியின் அடியில் அக்கா தன்னையறியாமல் நுரையீரலைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அன்போடு நிமிர்த்தி உட்கார வைத்தோம். "இருமலைப் பேடிக்க வேண்டா சேச்சி, பயப்பட வேண்டா. அது உன்னோட ஆளு. சளிதான் எதிராளி" என்று அந்தப் பெண் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

அன்று தொடங்கி ஒரு வாரம் அக்காவுக்கென்று ஒரு முறையை அவர்கள் இரண்டு பேருமாக உண்டாக்கினார்கள். சுவரில் படம் ஒட்டியிருந்த பொது முறையை அந்தப் பெண் அப்படியே கொடுக்கவில்லை. துணிக்கு அளவெடுக்கிற மாதிரி, இந்தப் பக்கம் படுத்துப் பார், அந்தப் பக்கம் படுத்துப் பார், எதில் வருகிறது, எதில் மூச்சு முட்டுகிறது என்று கேட்டுக் கேட்டு வைத்தார். எழுந்ததும் வெந்நீர். பிறகு உப்புநீர் ஆவி. வலப்பக்கம் சரிந்து படுத்து, இடுப்புக்கடியில் தலையணை வைத்து, வயிறு எழும்பி இறங்க மெதுவாகச் சில மூச்சுகள். பிறகு ஆழமாக இழுத்து, கொஞ்சம் பிடித்து வைத்து விடுவது. அதன்பின் வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுகிற மாதிரி "ஹா" என்று நீளமாக ஒரு ஊது. இருமலைத் தொண்டையால் பிய்க்கக் கூடாது, அந்த ஊது சளியை மேலே கொண்டுவந்த பிறகே இரும வேண்டும். வந்ததை மூடிபோட்ட டப்பாவில் துப்பி நிறம் பார்க்க வேண்டும். வெள்ளை என்றால் சரி. பச்சையானால் அன்றே டாக்டரிடம் கிளம்ப வேண்டும்.

முதுகில் தட்டுவது மச்சானுக்கு விழுந்த வேலை. கையைக் குழித்துக்கொண்டு, எலும்பைத் தவிர்த்து, துணி மேல் பதமாகத் தட்ட வேண்டும். மரமேறிய கை அது. முதல் நாள் ஆஸ்பத்திரி வார்டே திரும்பிப் பார்த்தது.

"என்னங்க, முதுகு அது. மூட்டை இல்ல."

"வலிக்குதா?"

"பழைய பாக்கி எதுவும் வச்சிருந்தா வாயால சொல்லிருங்க. இப்புடித் தீக்க வேணாம்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா சிரித்துச் சிரித்துத் தானும் இருமத் தொடங்கிவிட்டார்.

லயத்துக்குத் திரும்பிய மறுநாள் அக்கா நேராக சூப்பர்வைசரிடம் போனார். மச்சானும் நானும் உடன் போனோம்.

"என்னைத் திரும்பக் காட்டுல போடுங்க சார்."

"ஏம்மா, நெழல்ல நல்ல எடமாப் பாத்து ஒக்கார வச்சேன். செத்துப் பொழச்சு வந்துருக்க. மறுபடியும் காடுங்கிற?"

"அந்த நல்ல எடத்துலதான் சார் செத்துப் பொழச்சேன். தூசியும் பொகையும், நிமிந்தே உக்காந்து கெடக்கிறதும் எனக்கு ஆகாதாம். டாக்டரம்மா சொல்லிவிட்டாங்க."

"காட்டுல இருமுவியேம்மா."

"இருமுவேன். காய் என்ன, இருமுறவ கையில வரமாட்டேன்னா சொல்லுது?"

"மத்த பொம்பளைக சடச்சுக்கிறாக. பக்கத்துல ஒக்கார மாட்டேங்கிறாக."

"எனக்கு ஓரத்துல ஒரு வரிசை குடுங்க. டப்பா கொண்டாந்துருவேன், ஒரு சொட்டு மண்ணுல விழாது. ஒட்டுற நோவு இல்லன்னு எழுதியும் வாங்கியாந்துட்டேன். அதுக்கு மேலயும் பயப்படுறவுகளுக்கு நான் என்ன செய்ய முடியும்? நான் பயந்த காலத்துல எவளும் எனக்குத் தொணைக்கு வரல."

சூப்பர்வைசர் மச்சானைப் பார்த்து, "என்னய்யா, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்றார். "நான் தட்டுறதோட சரிங்க சார்" என்றார் மச்சான்.

ஓர வரிசை கிடைத்தது. ஓரத்தில் யாரும் சரியாகக் கை வைக்காததால் அங்கேதான் காய் நெருங்கிக் கிடந்தது என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவரை அக்கா காட்டில்தான் இருந்தார். காலையில் வீட்டில் ஒரு முறை, மாலையில் ஜெபமாலைக்கு முன் ஒரு முறை, இடையில் ஏலச்செடி. மழைக்காலத்தில் மதியமும் ஒன்று. காய்ச்சல் வந்து படுப்பது மெல்ல மெல்ல அபூர்வமானது.

ஜெபமாலைக்கு முன்பு ஏன் என்று கேட்டவர்களுக்கு, "தொண்டை கரகரங்காம இருந்தாத்தான் மாதா காதுல விழும்" என்பார். ஒரு சமயம் ஜெபக்கூட்டம் நடத்த வந்த ஒருவர், விசுவாசம் இருந்தால் இந்தத் தட்டலும் ஊதலும் எதற்கு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆண்டவர் பாதத்தில் போடுங்கள் என்று அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார். அக்கா எழுந்து நின்றார். "ஐயா, ஆண்டவர்ட்டதான் போட்டுருக்கேன். அவருதான் அந்த மலையாளத்துப் பிள்ளைய அனுப்பினாரு. அவரு அனுப்பினத வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நானும் விசுவாசிதான். தினம் வண்டி எடுக்கும் முன் சிலுவை போட்டுக்கொள்கிறவன்தான். ஆனால் சிலுவை போட்டுவிட்டு பிரேக்கையும் பார்க்கிறேன். அக்கா செய்ததும் அதுதான்.

இனி ஒரு சம்பவத்தை எழுதப் போகிறேன். எழுத வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். எழுதுகிறேன்.

என் மகளைப் பெண் பார்க்கக் கம்பத்திலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. முந்தின நாள் பெரியப்பா வந்து, அக்காவைக் காலையில் மட்டும் மூணாற்றில் உள்ள உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டார். "மூணாறுக்குப் போனா அங்கயும் காலையில எனக்கு இருமணும் பெரியப்பா. அந்த ஊட்டுலயும் யாராச்சும் பொண்ணு பாக்க வந்தா?"

என் மகள் ஒரு படி மேலே போனாள். "அத்தை இல்லைன்னா நானும் இல்லை. ரெண்டு பேரும் சேந்தே மூணாறு போயிர்றோம். பெரிய தாத்தா காப்பி கொண்டுபோய்க் குடுக்கட்டும்."

வந்தார்கள். நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் அக்காவின் காலை முறை அப்போதுதான் பாதியில் இருந்தது. லயத்து வீட்டுச் சுவர் எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியும். தட்டுகிற சத்தம், நீளமாக ஒரு ஹா, பிறகு இருமல். மாப்பிள்ளையின் தாயார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னங்க சத்தம்?"

"எங்க அத்தை இருமுறாங்க" என்றாள் என் மகள். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். முடிச்சிட்டு வந்து ஒங்களோட காப்பி குடிப்பாங்க."

அக்கா முகம் கழுவி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு, மச்சானோடு வந்து உட்கார்ந்தார். அந்த அம்மா நேராகவே கேட்டார். "டிபிங்களா?"

"இல்லம்மா. டிபின்னா வாசல்லயே ஒங்கள நிப்பாட்டிச் சொல்லிருப்பேன். இது சின்ன வயசுல நெஞ்சுல விழுந்த பள்ளம். சளி தேங்கும், தெனமும் எறைச்சுருவேன். கெணறு எறைக்கிற மாதிரி."

"பரம்பரையா வருமா?"

"எனக்கு வந்தது கக்குவான்ல. ஒங்களுக்கு சந்தேகம்னா டாக்டரம்மாட்டயே கேட்டுக்கலாம். தம்பி ஜீப்புல கூட்டிட்டுப் போவான்."

அவர்கள் கேட்கப் போகவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள், சொல்லி அனுப்பவில்லை. பெரியப்பா கொஞ்ச நாள் எங்களோடு பேசாமல் இருந்தார். என் மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிறகு ஆண்டவர் கிருபையால் மீனாட்சிபுரத்தில் மாடு கன்றோடு இருக்கிற ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அந்தச் சம்பந்தி அம்மா முதல் தடவை எங்கள் வீட்டில் தங்கியபோது, சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தார். "ஏனுங்க, உங்களுக்குக் கை வலிக்காதுங்களா? செத்த நேரம் நான் தட்டட்டுங்களா?" என்று மச்சானிடம் கேட்டு, கையைக் குழித்து வைக்கக் கற்றுக்கொண்டு தட்டினார். திரும்பிப் போன கம்பத்துக் குடும்பத்துக்கும் இந்த மலரைத் தபாலில் அனுப்புகிறேன். படிக்கட்டும்.

அக்காவைப் பார்த்து அதே மாதிரி செய்ய ஆசைப்பட்டவர்களும் உண்டு. மேல் லயத்தில் ஒரு பெண், மாமியார் காதில் விழாமல் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமுவாளாம். அக்காவிடம் வந்து, "யக்கா, ஒங்கள மாதிரியே படுத்துக்கிறேன், எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று கேட்டாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குப் பள்ளம் எங்க இருக்குன்னு தேடித்தான் இப்புடிப் படுக்க வச்சாக. ஒனக்கு எங்கன்னு யாரு கண்டா? தலைய எறக்கிப் படுத்து வேற எதுவும் வந்துட்டா? கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்." என் வண்டியில்தான் போனார்கள். அவளுக்கு அந்த மலையாளத்துப் பெண் வைத்த முறை வேறு. உட்கார்ந்தபடி செய்வது. கதவைத் திறந்து வைத்தே செய்ய வேண்டும் என்பது மட்டும் அக்கா சேர்த்துச் சொன்னது.

அக்காவின் முறையும் கடைசிவரை ஒன்றாகவே இருக்கவில்லை. வயதானதும் தலையைத் தாழ்த்தினால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்தது. உடனே அந்த மலையாளத்துப் பெண் அதை மாற்றி, சமமாகப் படுக்க வைத்தார். தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் குழாயை விட்டுக் குமிழி வர ஊதச் சொன்னார். அந்தச் சத்தத்துக்கு என் பேரப்பிள்ளை கைதட்டும். "கேளு, நல்லாக் கேளு. வீட்டுல கேக்குற சத்தம்தான் இது" என்பார் அக்கா.

போன வருடம் மழை தொடங்கியபோது மூச்சு இளைக்க ஆரம்பித்தது. இருதயமும் களைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, ஆக்சிஜன் இயந்திரத்தோடு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இனி உறுதி இல்லை என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கும் தெரியும், அவர்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

உறவுக்காரர்கள் வந்தீர்கள். கட்டிலைச் சுற்றி நின்று, இந்தக் கடைசி நேரத்தில் எதற்கு இந்தத் தட்டலும் ஊதலும், ஒரு சிரப்பைக் கொடுத்து இருமாமல் தூங்க விடக்கூடாதா என்று கேட்டீர்கள். உங்களில் சிலர் என்னைக் கோபித்தும் பேசினீர்கள். அக்கா கண்ணைத் திறந்து, மூச்சைப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். "சிரப்பு குடுத்தா... நீங்க தூங்குவீக. எனக்கு மூச்சு முட்டும்." அப்புறம் மச்சானைத் தேடி, "எங்க இவரு? நேரமாச்சு" என்றார். டாக்டரும் பிசியோதெரபி பெண்ணும் போனில் சொன்னபடி, முறையைச் சுருக்கி, படுத்தபடியே, மெதுவாக, அக்கா கேட்கிற அளவுக்கு மட்டும் செய்தோம். கேட்டது நாங்கள் இல்லை, அவர்.

சாமியார் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்தார். நெற்றியில் எண்ணெய் வைக்கப் போகும் நேரத்தில் அக்கா கையை உயர்த்தித் தடுத்தார். "சாமி, கொஞ்சம் பொறுங்க. வந்துருச்சு." சாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு காத்து நின்றார். அக்கா இருமி, டப்பாவில் துப்பி, வாயைத் துடைத்துக்கொண்டு, "ம், இப்ப வைங்க" என்றார். சாமியாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாள் வெயில் அடித்தது. காலைமுறைக்கு மச்சான் உட்கார்ந்து முதுகில் கை வைத்தார். கொஞ்ச நேரம்தான் தட்டியிருப்பார். அக்கா கையைப் பின்னால் கொண்டுபோய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "இன்னிக்குப் போதும்" என்றார். இத்தனை வருடத்தில் அக்கா போதும் என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. மச்சானுக்குப் புரிந்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். நான் ஜெபமாலையைத் தொடங்கினேன். நெஞ்சில் இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. அமைதியாக, சுத்தமான மூச்சாக வந்து, வந்து, ஆண்டவரிடம் போய்விட்டது.

பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன். மூச்சு முட்டிச் சாகவில்லை என் அக்கா.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அக்காவுக்கு அளவெடுத்து முறை வைத்து, அதை மாற்றி மாற்றி இத்தனை காலம் கூடவே வந்த அந்த மலையாளத்து மகளுக்கும், டாக்டர்களுக்கும், நர்சுமார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கேட்டதும் திரும்பக் காட்டில் இடம் கொடுத்த சூப்பர்வைசருக்கு நன்றி. மழையில் ஆக்சிஜன் இயந்திரத்தை மேட்டுக்குத் தூக்கி வந்த லயத்துப் பையன்களுக்கு, கரண்ட் போனபோதெல்லாம் ஜெனரேட்டர் தந்த கடைக்காரருக்கு, மீனாட்சிபுரத்திலிருந்து பாலும் நெய்யுமாக வந்து இறங்கிய சம்பந்திக்கு, குழி வெட்டியவர்களுக்கு, பாடல் பாடியவர்களுக்கு நன்றி. மச்சானுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். அதனால் சொல்லவில்லை.

பெரியப்பாவுக்கும் நன்றி. அவருக்கு இப்போது நடமாட்டம் குறைந்துவிட்டது, சளியும் கட்டுகிறது. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அந்த ஆஸ்பத்திரிப் பிள்ளையை நான் ஒரு தடவை பாக்கணும்டா" என்றார். கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பகலில், முன் சீட்டில் உட்கார வைத்துத்தான் கூட்டிப் போவேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முதலாண்டுத் திருப்பலிக்கு வருகிறவர்களில் இருமல் உள்ளவர்கள் பின்னால் கதவோரம் நிற்க வேண்டாம். இருமல் வந்தால் வாயைத் துணியால் மூடிக்கொண்டு நன்றாக இருமுங்கள், அடக்காதீர்கள், வெளியே ஓடாதீர்கள். சாமியாரிடம் சொல்லிவிட்டேன், பிரசங்கத்தை நிறுத்திக் காத்திருப்பதாகச் சொன்னார். கோயிலில் முன் பெஞ்சு இரண்டையும் உங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். யாராவது திரும்பிப் பார்த்தால், நீங்கள் அவர்களைப் பாருங்கள்.

இப்படிக்கு,
தம்பி